கேபிள் நீளமானா ரேடியோ ஏன் ரீபூட் ஆகுது? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம் தான். ரவுட்டர் வீட்டுக்குள்ள இருக்கு, ரேடியோவோ (நெட்ட ஒயர் இல்லாம தூரத்துக்கு அனுப்புற, வாங்குற டப்பா) வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டோ எங்கயோ தூரத்துல கம்பத்து மேல இருக்கு, அதுக்கு கரண்ட்டும் நெட்டும் ஒரே கேபிள்ல போகணும். பி.ஓ.இ., அதாவது பவர் ஓவர் ஈத்தர்நெட்னு நாம சொல்ற விஷயம். அதனால இந்த தடவ முழுப் பக்கமும் அதுக்கே.

கேள்வி: அண்ணே, பொள்ளாச்சி பக்கம் தோப்பு வச்சிருக்கோம். வீட்டு மாடியில இருந்து தோப்புக் கடைசில இருக்கிற இரும்புக் கம்பம் வரைக்கும் நெட் கேபிள் இழுத்து மேல ரேடியோ போட்டிருக்கு, 24 வோல்ட் அடாப்டர் வீட்டுல இருக்கு. பகல்ல நல்லா ஓடுது, சாயங்காலம் எல்லாரும் வீடியோ பாக்க ஆரம்பிச்சா ரேடியோ தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது. ரேடியோவையே மாத்திப் பாத்துட்டோம், அதே கதை. எலக்ட்ரீஷியன் மேல ஏறி கேபிள் முனையில மீட்டர் வச்சாரு, 24 காட்டுது, கரண்ட் சரியா தான் வருதுங்கிறாரு. கேபிள் 120 மீட்டர் இருக்கும். — வாசகர், பொள்ளாச்சி

பதில்: அண்ணே, இன்னொரு ரேடியோ வாங்கிடாதீங்க, ரேடியோ மேல தப்பு இருக்கிற மாதிரி தெரியல. எலக்ட்ரீஷியன் பாத்த 24 உண்மை தான், ஆனா அத ரேடியோவ கழட்டிட்டு வெறும் முனையில பாத்திருப்பாரு. லோடு இல்லாதப்ப கேபிள்ல கரண்ட் ஓடாது, கரண்ட் ஓடலன்னா வோல்டேஜும் குறையாது, ஒரு கிலோமீட்டர் கேபிள் போட்டாலும் மீட்டர் 24 தான் காட்டும். ரேடியோ ஓடிக்கிட்டு இருக்கும்போது, அதுலயும் ஸ்பீட் டெஸ்ட் போட்டு நல்லா வேலை வாங்கும்போது அளக்கணும். அப்ப தான் நிஜம் தெரியும்.

கணக்கு போட்டுப் பாப்போம், கஷ்டமே இல்ல. நெட் கேபிள்ல எட்டு ஒயர், நாலு ஜோடி. உங்க மாதிரி 24 வோல்ட் அடாப்டர்ல நீல ஜோடி ப்ளஸ், பிரவுன் ஜோடி மைனஸ். சாதாரண 24 கேஜ் (ஒயர் தடிமனோட அளவு) சுத்தமான காப்பர் ஒயர் 100 மீட்டருக்கு சுமாரா 8.4 ஓம் இருக்கும். ப்ளஸ்ஸுக்கு ரெண்டு ஒயர் சேந்து போறதால அது பாதியாகி 4.2, திரும்பி வர்றதுக்கு இன்னொரு 4.2, ஆக 100 மீட்டருக்கு போக வர மறுபடியும் 8.4 ஓம் தான். உங்க 120 மீட்டருக்கு சுமாரா 10 ஓம். இது நல்ல கேபிளா இருந்தா. கடையில விலை கம்மியா கிடைக்கிற ரோல் பெரும்பாலும் சி.சி.ஏ., அதாவது உள்ள அலுமினியம், மேல மட்டும் காப்பர் பூச்சு. அதுல ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை மடங்குக்கு மேல ஏறிடும், உங்க நீளத்துக்கு 15, 16 ஓம் வந்து நிக்கும்.

இப்ப ரேடியோ பக்கம் வாங்க. பகல்ல சும்மா இருக்கும்போது அது 5 வாட் இழுக்குதுன்னு வச்சுக்குவோம், அந்த சி.சி.ஏ. கேபிள்ல மேல 20 வோல்ட் போய் சேரும், ரேடியோ சந்தோஷமா ஓடும். ட்ராஃபிக் ஏறி 8 வாட் ஆச்சுன்னா மேல போய் சேர்றது 16 வோல்ட்டு சொச்சம் தான். இதோட விட்டா பரவாயில்ல, ஆனா ரேடியோக்குள்ள இருக்கிற பவர் சர்க்யூட் பல்பு மாதிரி இல்ல, வோல்டேஜ் குறைஞ்சா பல்பு மங்கும், இது மங்காது, தனக்கு வேண்டிய வாட்ட எப்படியும் எடுத்தே தீரணும்னு கரண்ட்ட கூட்டி இழுக்கும். கரண்ட் கூடுச்சுன்னா கேபிள்ல இன்னும் வோல்டேஜ் விழும், விழுந்தா இன்னும் கரண்ட் இழுக்கும். இதுக்கு ஒரு எல்லை இருக்கு, வோல்டேஜ் வர்க்கத்த நாலு மடங்கு ரெசிஸ்டன்ஸால வகுத்தா வர்றது தான் அந்தக் கேபிள் வழியா அனுப்ப முடிஞ்ச அதிகபட்ச வாட். உங்களுக்கு 24 வோல்ட், 15.6 ஓம்னு போட்டா 9.2 வாட் வருது. ரேடியோ ஒரு நொடி 9.5 வாட் கேட்டா வோல்டேஜ் அப்படியே சரிஞ்சு ரேடியோ செத்து, லோடு விட்டதும் மறுபடி 24 வந்து, பூட் ஆகி, நல்லா ஓடி, திரும்ப எல்லாரும் வீடியோ போட்டதும் மறுபடி சரியும். உங்க சாயங்காலப் பிரச்சனை இதுவா தான் இருக்கும்.

இதே கேபிள்ல 24-க்கு பதிலா 48 வோல்ட் அனுப்பினா என்ன ஆகும்னு பாருங்க. அதே 8 வாட்டுக்கு மேல 45 வோல்ட் போய் சேருது, எல்லை 9-ல இருந்து 37 வாட்டுக்குப் போயிடுது. வோல்டேஜ் ரெண்டு மடங்கு, தாங்குற வாட் நாலு மடங்கு. அதனால தான் நீள கேபிள்னு யார் வந்து கேட்டாலும் நான் முதல்ல வோல்டேஜ ஏத்துங்கன்னு சொல்றது. மின்வாரியம் ஊருக்கு ஊர் கரண்ட்ட ஆயிரக்கணக்கான வோல்ட்ல கொண்டு போறதும் இதே காரணத்துக்காகத் தான்.

ஆனா அவசரப்பட்டு 48 அடாப்டர வாங்கி மாட்டிடாதீங்க. ரேடியோ பின்னாடி லேபிள படிங்க. 24 வோல்ட் மட்டும்னு போட்டிருந்தா 48 குடுத்த நொடியே போயிடும். அப்படின்னா வீட்டுல 48 வச்சு, கம்பத்து மேல ரேடியோவுக்கு பக்கத்துல 48-அ 24 ஆக்கித் தர்ற சின்ன பி.ஓ.இ. கன்வெர்ட்டர் ஒண்ணு மழை படாத டப்பாவுல வைங்க. கேபிள் பூரா 48 ஓடும், ரேடியோவுக்கு 24 கிடைக்கும். லேபிள்ல 57 வோல்ட் வரைக்கும்னு இருந்தா கன்வெர்ட்டரே வேணாம், நேரா 48 அடாப்டர் போதும்.

கேபிள் காப்பரா இல்லையான்னு ஒரு சின்ன சோதனை. ஒரு இஞ்ச் ஒயர எடுத்து பிளேடால சுரண்டுங்க, சிவப்பு போய் உள்ள வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம். மீட்டர் இருந்தா இன்னும் துல்லியமாவே பாக்கலாம், 305 மீட்டர் பெட்டி வாங்கும்போது பிரிக்காம ஒரு முனையில ஒரு ஜோடிய முறுக்கி ஒண்ணா சேத்துட்டு மறு முனையில அதே ஜோடிய ஓம்ல அளங்க. சுத்த காப்பர் 24 கேஜா இருந்தா 51, 52 ஓம் கிட்ட காட்டும். 80-ஐ தொட்டா அந்தப் பெட்டிய கடையிலயே வச்சுட்டு வாங்க. தோப்புல இழுத்துக் கட்டி முடிச்ச அப்புறம் தெரியுறத விட இது எவ்வளவோ மேல்.

இன்னொண்ணு, ஈத்தர்நெட்டுக்கு கணக்கு 100 மீட்டர் தான், 120-ல டேட்டா ஓடுறது உங்க அதிர்ஷ்டம், உத்தரவாதம் இல்ல. முடிஞ்சா இருபது மீட்டர குறைக்க வழி பாருங்க, மாடிக்குப் போகாம வீட்டு வாசல் பக்கத்துல இருந்தே கேபிள் கிளம்பலாமா, வீட்டுக்குள்ள சுருட்டி வச்சிருக்கிற உபரி எவ்வளவுன்னு பாருங்க. மோட்டார் ரூம்ல இருந்து கரண்ட் எடுத்துக்கலாமேன்னு தோணும், ஆனா அங்க வர்றது விவசாய சர்வீஸ், நாள் பூரா வரும்னு நம்ப முடியாது, மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் சட்டுனு இறங்கும். வீட்டுல இருந்து கேபிள் வழியா குடுக்குற உங்க யோசனை தான் சரி, வோல்டேஜ் தான் மாறணும்.

கேள்வி: சார், வெளிய ரேடியோவுக்கு போற அடாப்டர்ல இருந்து கேபிள கழட்டி தெரியாம லேப்டாப்ல சொருகிட்டேன். லேன் போர்ட் வேலை செய்யல. ஆபீஸ்ல பி.ஓ.இ. ஸ்விட்ச்ல தினமும் லேப்டாப் சொருகுறோம், அங்க ஒண்ணும் ஆகலயே? — வாசகர், திருச்சி

பதில்: ரெண்டும் வேற வேற ஜாதி தம்பி. ஆபீஸ் ஸ்விட்ச் ஸ்டாண்டர்ட் படி நடக்கும், 2003-ல வந்த 802.3 ஏ.எஃப்., 2009-ல வந்த ஏ.டி., 2018-ல வந்த பி.டி., எதுவா இருந்தாலும் முதல்ல சுமாரா 10 வோல்ட்டுக்குள்ள ஒரு சின்ன வோல்டேஜ் அனுப்பி மறுபக்கம் சுமாரா 25 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கான்னு பாக்கும். இருந்தா தான் முழு வோல்டேஜ திறந்து விடும். லேப்டாப்ல அந்த ரெசிஸ்டர் கிடையாது, அதனால ஸ்விட்ச் பேசாம இருந்துடும். உங்க வெளி ரேடியோவோட வந்தது பாஸிவ் அடாப்டர், அது யாரையும் எதையும் கேக்காது, சொருகினதும் 24 வோல்ட்ட தள்ளிடும். போர்ட்ல இருக்கிற சின்ன டெர்மினேஷன் ரெசிஸ்டர்கள் தான் முதல்ல சூடாகி கருகும்.

யு.எஸ்.பி. லேன் அடாப்டர் ஒண்ணு வாங்கிட்டா லேப்டாப்பு வேலை ஓடும். அடாப்டர்ல பி.ஓ.இ.ன்னு எழுதின ஓட்டைக்கும் லேன்னு எழுதின ஓட்டைக்கும் ரெண்டு கலர் டேப் ஒட்டி வைங்க, வீட்டுல மத்தவங்களும் சொருகுவாங்க இல்ல.

கேள்வி: வணக்கம். ஏற்காட்டுல சின்ன ஹோம்ஸ்டே நடத்துறேன். ஆபீஸ் ரூம்ல இருந்து கடைசி காட்டேஜ் 250 மீட்டர். 100 மீட்டருக்கு ஒரு எக்ஸ்டெண்டர் (சிக்னல வாங்கி மறுபடி அனுப்புற டப்பா) போட்டு அப்படியே கேபிள்லயே கரண்ட்டும் குடுத்து வைஃபை போட்டுடலாம்னு ஒருத்தர் சொல்றாரு. இன்னொருத்தர் கேமரா ஸ்விட்ச்ல 250 மீட்டர் மோடு இருக்கு, அதுவே போதும்ங்கிறாரு. எத கேக்குறது? — வாசகி, ஏற்காடு

பதில்: மேடம், ரெண்டு பேரும் சொல்றது நடக்கும், ஆனா உங்களுக்கு ரெண்டுமே வேணாம்.

கேமரா ஸ்விட்ச்ல இருக்கிற அந்த எக்ஸ்டெண்ட் மோடு ஸ்பீட 10 எம்.பி.பி.எஸ்.க்கு இறக்கி தான் 250 மீட்டர் போகுது. ஒரு கேமராவுக்கு அது தாராளம். காட்டேஜ்ல நாலு பேரு தங்கி நாலு போன்ல வீடியோ ஓட்டுனா ராத்திரியே உங்களுக்கு போன் வரும். எக்ஸ்டெண்டர் விஷயம் என்னன்னா, ஒவ்வொரு எக்ஸ்டெண்டரும் தனக்குன்னு ரெண்டு மூணு வாட் சாப்பிடும், ஏ.எஃப். ஸ்விட்ச்ல கிடைக்கிறதே 15.4 வாட், அதுலயும் 100 மீட்டர் தாண்டுறதுக்குள்ள 12.95 தான் உத்தரவாதம். ஏ.டி. ஸ்விட்ச் வாங்கினா 30 வாட்ல ஆரம்பிச்சு 25.5 கிடைக்கும், அதுல கணக்கு கட்டுப்படி ஆகும். ஆனா ஏற்காட்டு மழையிலயும் மூடுபனியிலயும் மரத்தடியில ரெண்டு டப்பா, டப்பாவுக்கு ரெண்டு ஆர்.ஜே. 45 முனைன்னு (நெட் கேபிள் நுனியில இருக்கிற ப்ளக்) தொங்க விட்டா ஒரு மழைக்காலம் தாண்டுறதுக்குள்ள பின் பச்சை பூத்துடும். டி.சி. கரண்ட் ஓடுற ஈரமான பின்ல அரிப்பு சாதாரணத்த விட வேகமா நடக்கும். எந்த டப்பாவுல கோளாறுன்னு தேடுறதுக்கே ஆளு வரணும்.

காட்டேஜ்ல கரண்ட் இருக்கு இல்லையா, அப்ப ஃபைபர் போடுங்க. ஊர்ல வீட்டுக்கு நெட் குடுக்குறவங்க போடுற அதே மெல்லிசான கருப்பு ட்ராப் கேபிள் தான், 250 மீட்டர் அதுக்கு ஒண்ணுமே இல்ல, முனைய ஸ்ப்ளைஸ் பண்ற, அதாவது உருக்கி ஒட்டுற மெஷின் லோக்கல் கேபிள்காரர்கிட்டயே இருக்கும். ரெண்டு பக்கமும் ஃபைபர் சிக்னல சாதாரண நெட் கேபிளுக்கு மாத்தித் தர்ற மீடியா கன்வெர்ட்டர், காட்டேஜ் பக்கம் சின்ன ஆக்சஸ் பாயின்ட். கரண்ட் போனா நெட் போகக்கூடாதுன்னா ரவுட்டருக்குன்னே விக்கிற குட்டி 12 வோல்ட் யு.பி.எஸ்., கன்வெர்ட்டருக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் அதுலயே இணைப்பு குடுத்துடலாம், ரெண்டும் 12 வோல்ட்டான்னு மட்டும் பாத்து வாங்குங்க. முக்கியமா, மலை மேல இடி அதிகம், ஃபைபர்ல உலோகம் இல்லன்னா இடி ஒரு கட்டடத்துல இருந்து இன்னொரு கட்டடத்துக்கு கேபிள் வழியா வராது. வாங்கும்போது உள்ள தாங்குறதுக்கு ஸ்டீல் கம்பி வச்சதா, கம்பி இல்லாததான்னு கேட்டு கம்பி இல்லாதத வாங்குங்க.

கேள்வி: அண்ணா, ஐப்பசி அடைமழை ஆரம்பிச்சாலே எனக்கு பயம். வருஷா வருஷம் மொட்டை மாடி ரேடியோவோ கீழ ஸ்விட்ச்சோ ஒண்ணு போகுது. எர்த்து குடுத்தாச்சுன்னு போட்டவங்க சொல்றாங்க. — வாசகர், தேனி

பதில்: முதல்ல எப்படி எர்த்து குடுத்திருக்காங்கன்னு போய் பாருங்க. கம்பத்துல ஒரு மெல்லிசு ஒயர கட்டி மாடி கைப்பிடியில சுத்தி விட்டிருந்தா அது எர்த்து இல்ல. தடிமனான ஒயர், முடிஞ்ச அளவுக்கு வளைவு இல்லாம நேரா, குட்டையா, மண்ணுல அடிச்ச எர்த்து ராடுக்குப் போகணும், அந்த ராடும் வீட்டு மெயின் எர்த்தும் இணைஞ்சிருக்கணும். ரெண்டும் தனித்தனியா இருந்தா இடி விழும்போது ரெண்டு எர்த்துக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும், அது ஓடுறதுக்கு கிடைக்கிற வழி உங்க நெட் கேபிள் தான். கேபிள் ஷீல்டு (ஒயர்கள சுத்தி உலோக உறை) உள்ளதா இருக்கணும், முனையில மெட்டல் ஆர்.ஜே. 45 போட்டு ஷீல்டோட ஓடுற வெறும் ஒயர அதுல சேத்து கிரிம்ப் பண்ணணும், பிளாஸ்டிக் முனை போட்டா ஷீல்டு கேபிள் வாங்கின காசு வீண். ரேடியோவுக்கு கீழ ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர், கேபிள் வீட்டுக்குள்ள நுழையுற இடத்துல இன்னொண்ணு, ரெண்டுக்கும் எர்த்து. பி.ஓ.இ.க்கு ஏத்த ப்ரொடெக்டரான்னு பாத்து வாங்குங்க. நேரா இடி இறங்கினா இது எதுவும் தாங்காது, பக்கத்துல விழுற இடியால வர்றத தான் இது தடுக்கும். வருஷா வருஷம் போறது பெரும்பாலும் அந்த ரகம் தான்.

இன்னொரு சந்தேகம் எனக்கு, எல்லாத்தையும் இடி மேல போட்டுட்டு இ.பி. கரண்ட விட்டுடுறோமோன்னு. உங்க ஊர்லயே ஒரு பெரிய உதாரணம் இருக்கு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையில இருந்து சுத்துவட்டார ஊர்கள்ல இருக்கிற கண் சிகிச்சை மையங்களுக்கு வைஃபை ரேடியோவாலயே தொலைதூர லிங்க் போட்டு, டாக்டர் தேனியில உக்காந்து கிராமத்து நோயாளிய வீடியோவுல பாக்குற ஏற்பாட்ட அமெரிக்காவுல இருக்கிற பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரங்க கூட சேந்து 2000-கள்ல பண்ணினாங்க. அந்த அனுபவத்த 2008-ல அவங்க எழுதினப்ப கரண்ட்டோட தரத்தப் பத்தி ரொம்ப விரிவா எழுதினாங்க. தென்னிந்திய கிராமம் ஒண்ணுல மின்சாரத்த அளந்து பாத்தா 1000 வோல்ட் வரைக்கும் ஸ்பைக் வந்திருக்கு. கரண்ட்டுக்கு கட்டுற பில் பெரிய செலவு இல்ல, அந்த கரண்ட்ட சுத்தம் பண்றது தான் பெரிய செலவுங்கிறது அவங்க முடிவு. படிச்ச நாள்ல இருந்து நான் யாருக்கு ரேடியோ போட்டுக் குடுத்தாலும் அடாப்டர நேரா ப்ளக் பாயின்ட்ல சொருக விடுறது இல்ல. பேட்டரில இருந்து டி.சி.யா குடுக்குற சின்ன யு.பி.எஸ்., இல்லன்னா நல்ல ஸ்பைக் ப்ரொடெக்டராவது நடுவுல இருக்கணும்.

கேள்வி: சார், மலையடிவாரத்துல இருக்கிற எங்க நிலத்துல இ.பி. கிடையாது. ஷெட்ல சோலார், 12 வோல்ட் பேட்டரி. 50 மீட்டர் தள்ளி பாறை மேல ரேடியோ வச்சா தான் ஊர் டவர் தெரியுது. லேபிள்ல 10-ல இருந்து 30 வோல்ட்னு போட்டிருக்கு, அதனால பேட்டரி 12-அ நேரா கேபிள்ல குடுத்துட்டேன். விடியக்காலையில மட்டும் கட் ஆகுது. ரேடியோ 6 வாட். — வாசகர், ராஜபாளையம்

பதில்: 50 மீட்டருக்கு நல்ல காப்பர்ல 4.2 ஓம். 12 வோல்ட்ல 6 வாட் இழுத்தா மேல 9.3 வோல்ட் தான் போய் சேரும், ரேடியோ கேக்குற 10-க்கே அது கீழ. பகல்ல ஏன் ஓடுதுன்னா சோலார் சார்ஜ் ஏறும்போது பேட்டரி முனையில 13.5, 14 வோல்ட் நிக்கும், அது போதும். விடியக்காலை பேட்டரி 12-க்கு இறங்கினதும் கதை முடிஞ்சுது. 12-அ 24 ஆக்குற பூஸ்ட் கன்வெர்ட்டர் ஒண்ணு ஷெட்லயே பேட்டரி பக்கத்துல வைங்க, மேல கிட்டத்தட்ட 23 வோல்ட் போய் சேரும், பேட்டரி இறங்கினாலும் கன்வெர்ட்டர் 24-அ விடாது.

ஒரு நாளைக்கு 6 வாட் 24 மணி நேரம்னா 144 வாட் அவர், கன்வெர்ட்டர் நஷ்டம் சேத்தா 165-ன்னு வைங்க, பேட்டரில 14 ஆம்பியர் அவர். லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு மேல காலி பண்ணாம வச்சா தான் உழைக்கும், அதனால 40 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்றரை நாளுக்குத் தான் வரும். கார்த்திகை மாசம் மூணு நாள் மேகமூட்டம் தாங்கணும்னா 80-க்கு மேல போங்க, பேனல் 100 வாட். சார்ஜ் கன்ட்ரோலர்ல லோ வோல்டேஜ் கட் ஆஃப் இருக்கிறதா பாத்து, கன்வெர்ட்டர நேரா பேட்டரில கட்டாம கன்ட்ரோலரோட லோடு முனையில கட்டுங்க. இல்லன்னா கன்வெர்ட்டர் பேட்டரிய கடைசி சொட்டு வரைக்கும் உறிஞ்சிடும், ரெண்டு தடவ அப்படி ஆனா பேட்டரிய மாத்த வேண்டியது தான்.

கேள்வி: ரேடியோ ஜிகாபிட்னு போட்டிருக்கு, ஆனா லிங்க் 100 எம்.பி.பி.எஸ்.ல தான் நிக்குது. கேபிள் கேட் 6. ஏன்? — வாசகர், சேலம்

பதில்: அடாப்டர பாருங்க. பழைய 24 வோல்ட் அடாப்டர்கள் நிறைய நீல, பிரவுன் ஜோடிய கரண்ட்டுக்கு மட்டும்னு ஒதுக்கிடும், டேட்டாவுக்கு ரெண்டு ஜோடி தான் மிஞ்சும், ரெண்டு ஜோடில 100 தான் போகும். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும், அதே ஜோடில கரண்ட்டையும் ஏத்தி அனுப்புற ஜிகாபிட் அடாப்டர்னே தனியா கேட்டு வாங்கணும், வோல்டேஜ் பழசுல இருந்த அதே அளவா இருக்கட்டும். அது ஏற்கனவே ஜிகாபிட் தான்னா கிரிம்ப் பண்ண முனைய வெட்டிட்டு புதுசா போடுங்க, நீல, பிரவுன் ஜோடில ஒரு ஒயர் பின்ல சரியா உக்காரலன்னாலும் லிங்க் 100-க்கு இறங்கிடும். முனைய மாத்தும்போது வீட்டுல அடாப்டர ஆஃப் பண்ணிட்டு பண்ணுங்க, லோடுல கழட்டி மாட்டினா பின்ல பொறி பறந்து தங்கப் பூச்சு கருகும்.